வெறுந்தட்டின் சாட்சி

அத்தியாயம் ஐந்து

“போட மாட்டேன்.”

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மேஜைமேல் கிடந்த தாளை ஒரு விரலால் தள்ளிவிட்டார். அது வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. முக்கியமான காகிதங்கள் என்னிடம் எப்போதும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. வேறு யாராவது வேண்டாமென்று தள்ளிய பிறகு.

எடுத்துப் படித்தேன். வல்லாரையில் உள்ள சில பொருள்கள், அடிபட்ட நரம்புச் செல்களைச் சீராக்க உதவலாம் என்று சென்ற வருடம் தான் வெளியிட்ட முடிவு ஜோடிக்கப்பட்டது என்று டாக்டர் ஒப்புக்கொள்கிறாராம். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தத் தாளில் நேராக இருந்தது அந்தக் கோடு மட்டும்தான்.

“போட்டா என்ன ஆகும்?” என்றார் அண்ணி.

“மன்னிச்ச மாதிரி பாவனை பண்ணி வேற பிரிவுக்கு மாத்துவாங்க. எலிக்கூண்டு கழுவறதை மேற்பார்வை பார்க்கணும்.”

“போடலன்னா?”

“மதியச் சாப்பாடு முடிஞ்சதும் விசாரணைக் குழு உக்காருது. சாயங்காலத்துக்குள்ள நான் வெளியே. என் செடி, என் தட்டு, எல்லாம் எரியடுப்புல.”

“எலி தேவலை போலிருக்கே டாக்டர்,” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எலியே கூண்டைத் தானாகக் கழுவிவிடும்.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, மூளை, காரோட்டி எல்லாம் அவர்தான். மிச்சம் இருப்பது நான். சந்தேகப்படும் ஆளைப் பின்தொடர்வது என் பொறுப்பு. இதுவரை நான் பின்தொடர்ந்தவர்களில் பலர் திரும்பி நின்று எனக்கு வழி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தது டாக்டரின் மாமியார். நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்ன நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார், கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

“என் மருமக திமிர் பிடிச்சவ,” என்று ஆரம்பித்தார். “எனக்கும் அவளுக்கும் ஒத்தே வராது. அது வேற விஷயம். ஆனா அவ பொய் சொன்னான்னு எவனாவது சொன்னா நான் விடமாட்டேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா எங்க வீட்டுல பாதி சண்டை வந்திருக்காது.”

இதைவிடப் பெரிய நற்சான்றிதழை நான் எந்த வழக்கிலும் பார்த்ததில்லை. எங்கள்மேல் நம்பிக்கை வைத்து வேலையை ஒப்படைத்துவிட்டு, அந்த நம்பிக்கையின் அளவைக் காட்டும் விதமாக இன்று அவரும் கூடவே கிளம்பி வந்துவிட்டார். இப்போது ஆராய்ச்சிக்கூடத்து நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரையும் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்,” என்றார் அண்ணி. “அதாவது, என் கொழுந்தனுக்குப் புரியற மாதிரி.”

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். அது எனக்காகத்தான்.

“நரம்புச் செல்லைத் தட்டுல வளர்ப்போம். மெல்லிசா ஒரு ஊசியால கீறுவோம். அடிபட்டதும் அது கிளையெல்லாம் இழந்து மொட்டையா நிக்கும். வல்லாரைச் சாறு சேர்த்த தட்டுல அது திரும்பக் கிளை விட்டுச்சு. சேர்க்காத தட்டுல விடல. இது போன வருஷம்.”

“அப்ப மனுஷங்களுக்கு...” என்று நான் இழுத்தேன்.

“தட்டுல,” என்றார் டாக்டர்.

“இல்ல, எங்க பெரியப்பா ஒருத்தருக்கு...”

“தட்டுலன்னு சொன்னேன்.”

பெரியப்பா தட்டில் அடங்கமாட்டார்.

தகராறு எப்படி வந்தது என்பதையும் டாக்டரே சொன்னார். இந்த நிறுவனத்தின் தலைவருக்கு அந்த முடிவில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. எது மூலிகைத் தட்டு என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்றார். அதனால் இந்த வருடம் மூடுசோதனை. மூலிகைத் தட்டு ஒன்று, வெறுந்தட்டு ஒன்று. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. எது எதுவென்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தட்டும் கலவையும் இருக்கிற அறைகளுக்குள்ளேயே அனுமதி கிடையாது. நேற்று ரகசியத்தைப் பிரித்தார்கள். இரண்டு தட்டுக்கும் வித்தியாசமே இல்லை.

“வித்தியாசம் இல்லைன்னா மூலிகை வேலை செய்யல. வேலை செய்யலன்னா போன வருஷம் நான் சொன்னது பொய். அவருக்குக் கணக்கு சரியாப் போச்சு.”

“யாரோ சாறை மாத்திட்டாங்க!” என்று நான் மேஜையைத் தட்டினேன். “மூலிகைப் பாட்டில்ல வெறும் தண்ணியை ஊத்தி வெச்சிருக்காங்க. போட்டிக் கம்பெனி வேலை. எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம்.”

“எந்தப் போட்டிக் கம்பெனி தம்பி?” என்றார் அண்ணி.

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

“நல்லது. நீ கண்டுபிடி. டாக்டர், போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க.”

திரையில் நான்கு படங்கள் வந்தன. மேலே இரண்டும் போன வருடத்தவை. மூலிகைத் தட்டில் ஒவ்வொரு செல்லும் மழைக்குப் பிறகு செடி கிளைத்ததுபோல் நாலா பக்கமும் விரல் நீட்டியிருந்தது. வெறுந்தட்டில் ஒன்றுமில்லை. உருண்டை உருண்டையாக, மழமழவென்று. காலையில் கண்ணாடி முன்னால் நான் பார்க்கிற அதே காட்சி.

கீழே இரண்டும் இந்த வருடத்தவை.

“இந்தப் படம் எப்ப உங்க கைக்கு வந்துச்சு?” என்றார் அண்ணி.

“இன்னிக்குக் காலையில. நேத்து வெறும் முடிவைத்தான் சொன்னாங்க. வந்ததுலேர்ந்து மூலிகைத் தட்டையே பார்த்துட்டிருக்கேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

“மூலிகைத் தட்டுல என்ன தப்பு? போன வருஷம் மாதிரியே ஜோராத்தானே கிளை விட்டிருக்கு?”

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு எண்ணெய் வியாபாரி. எண்ணெய் தேய்ச்சா முடி முளைக்கும்னு சொல்றான். என் கொழுந்தன் தலையில தேய்ச்சுக் காட்டறான். முளைக்குது.”

“வாயால சொன்னாலே சந்தோஷமா இருக்கு அண்ணி.”

“பக்கத்து வீட்டு மொட்டைக்குத் தேய்க்கல. ஆனா அவருக்கும் முளைச்சிருக்கு. உடனே ஊர்ல எல்லாரும், எண்ணெய்க்கு சக்தி இல்லைங்கறாங்க. எண்ணெய் என்ன பண்ணுச்சு பாவம்? அது அதோட வேலையை ஒழுங்காப் பண்ணியிருக்கு. நான் கேக்கறது வேற. பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி முளைச்சுது?”

டாக்டர் மெதுவாக எழுந்து திரைக்கு வெகு அருகில் போனார். கீழ் வரிசையின் வெறுந்தட்டைப் பார்த்தார். அதைப் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை என்று முகமே சொன்னது. பள்ளிக்கூடத்து விழாவில் தன் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேடையில் இன்னொரு பிள்ளையும் நின்றது என்று பிறகு தெரிந்துகொள்கிற தாய்போல நின்றார்.

“இது மொட்டையா இருக்கணும்,” என்றார். “அடிபட்ட செல். ஒண்ணும் குடுக்கல. இது இப்படித் தானா வளரவே வளராது.”

“அப்ப யாரோ பக்கத்து வீட்டுக்காரர் தலையிலயும் எண்ணெய் வெச்சிருக்காங்க,” என்றார் அண்ணி. “தட்டுக்குத் தண்ணி ஊத்தறது யாரு?”

*

கலவை அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. அதன் அதிபதியை எல்லோரும் ‘கலவையார்’ என்றுதான் அழைத்தார்கள். தட்டில் இருக்கிற செல்களுக்கு ஊட்டும் நீரை அளந்து கலந்து கொடுப்பவர். தலைவரின் நேரடி ஆள். மூடுசோதனைக்கான இரண்டு பாட்டிலையும் கலந்தவர் இவர் ஒருவர்தான். பூட்டுச் சாவியும் இவர் ஒருவரிடம்தான்.

போகும் வழியிலேயே நான் வழக்கை முடித்துவிட்டேன். “தலைவர் சொல்லி இவர்தான் பண்ணியிருக்காரு. முகத்தைப் பார்த்தாலே தெரியும் பாருங்க.”

கதவைத் திறந்த முகத்தைப் பார்த்தேன். சாதுவான முகம். நல்ல குற்றவாளிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்துக்கொண்டேன்.

“வெளியே செருப்பைக் கழட்டுங்க,” என்றார். “தலைக்கு உறை போடுங்க.” என் தலையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தேவைப்படாது,” என்றார்.

நான் நேரடியாகத் தாக்கினேன். “வெறும் பாட்டில்ல மூலிகையை எதுக்குக் கலந்தீங்க?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? இந்த ரூம்ல ஒரு சொட்டு இடம் மாறாது. மூலிகைக்குத் தனி அலமாரி, தனிக் குழாய், தனிக் கையுறை. சாறு பாட்டிலைத் தொட்ட கையோட நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!”

“தம்பிக்கு அவசரம், மன்னிச்சுக்கங்க அண்ணே,” என்றார் அண்ணி. “நான் கேக்க வந்ததே வேற. மூடுசோதனைன்னா ரெண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கணுமாமே. வல்லாரைச் சாறு பச்சை. தண்ணிக்கு ஏது நிறம்? அதை எப்படி சமாளிச்சீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.”

அவ்வளவுதான். சிவந்த முகம் மலர்ந்துவிட்டது. தன் வேலையைப் பற்றி யாரும் கேட்கவே கேட்காத ஒரு மனிதரிடம் அண்ணி கேட்டுவிட்டார்.

அவர் இரண்டு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். சிவப்பு மூடி, நீல மூடி. “சொல்லுங்க பார்ப்போம். எது மூலிகை?”

இரண்டும் அதே மங்கிய பச்சை. நான் குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். “நீலம்,” என்றேன் உறுதியாக.

“சிவப்பு.”

“அதைத்தான் சொல்ல வந்தேன்.”

“தலைவர் கூப்பிட்டுச் சொன்னாரு, ஆண்டவனே வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல்ல கடையில விக்கற பச்சைச் சாயத்தைக் கலந்தேன். செல்லெல்லாம் செத்துப் போச்சு. அப்புறம் சர்க்கரையைக் கருக்கிக் கலந்தேன். செல் சாகல, ஆனா செம்பட்டையா வந்துச்சு. குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, யோசிச்சேன். இலையோட நிறம் இலையைத் தவிர வேற எதுல வரும்? ஆனா மூலிகை சேரக் கூடாது. சாறு எடுத்த பின்னாடி சக்கை மிஞ்சுமில்ல? சத்தெல்லாம் இறங்கிப் போன சக்கை, குப்பைக்குப் போறது. அதை எடுத்துத் திரும்ப ஒரு கொதி விட்டேன். அச்சு அசல் அதே பச்சை!” பெருமையில் அவர் கை தானாக விரிந்தது. “உள்ள ஒண்ணுமே கிடையாது. வெறும் சக்கை நிறம்.”

எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“அண்ணே,” என்றார் அண்ணி மிக மென்மையாக, “டீ போட்ட தூள்ல திரும்பத் தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சா, டீ வராது?”

வரும். எங்கள் அலுவலகமே மத்தியானத்துக்கு மேல் அதில்தான் நடக்கிறது.

கலவையார் நீல மூடிப் பாட்டிலை, அது திடீரென்று வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலப் பார்த்தார். விரிந்திருந்த கை மெதுவாக மடங்கியது.

கதவுக்கு வெளியே, அனுமதி இல்லாத கோட்டில் கால் படாமல் நின்றிருந்த டாக்டர் சொன்னார்: “சக்கையிலயும் இருக்கும். ஒரு தடவைக் கொதியில எல்லாம் இறங்காது.” அவர் குரலில் கோபமே இல்லை. “ரெண்டு தட்டுமே மூலிகைத் தட்டு. அதான் ரெண்டும் கிளை விட்டிருக்கு. வெறுந்தட்டுன்னு ஒண்ணு இந்தச் சோதனையில இருக்கவே இல்ல.”

“நான் கெடுக்கணும்னு நினைக்கல டாக்டர்,” என்றார் கலவையார். “சத்தியமா நல்லா செய்யணும்னுதான்...”

“தெரியும்ணே. நீங்க ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்க. அதான் பிரச்சினை.”

அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சுத்தமான அறைதான். இருந்தாலும் விழுந்துவிட்டது.

அண்ணி மட்டும் அசையவில்லை. “இதைப் போய்ச் சொன்னா தலைவர் என்ன சொல்வாரு?”

டாக்டர் யோசிக்கவே இல்லை. “சோதனை கெட்டுப் போச்சு, அதனால உன் முடிவு சரின்னு ஆயிடுமான்னு கேப்பாரு. நியாயமான கேள்வி. என் கையில வெறுந்தட்டு ஒண்ணுகூட இல்ல.”

“சர்க்கரை கருக்கிக் கலந்தீங்களே அண்ணே,” என்றார் அண்ணி, “செல் சாகலன்னீங்களே. அந்தத் தட்டெல்லாம் எங்க?”

கலவையார் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்து பிடிபட்டவர்போல இருந்தது. “தூக்கிப் போடச் சொன்னாங்க. உயிரோட இருக்கு, எப்படிம்மா போடறது? சூட்டுப்பெட்டியில பின்னாடி வரிசையில ஒளிச்சு வெச்சிருக்கேன். தினம் ஊட்டிட்டுத்தான் இருக்கேன்.”

“அதுவும் கீறின செல்தானா?” என்றார் டாக்டர்.

“அதே செல், அதே கீறல், அதே ஊசி. நிறம் மட்டும்தான் வேற.”

*

தலைவருக்கு நான் ‘இஸ்திரி ஐயா’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். சட்டை மட்டுமல்ல, ஆளே மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர் தலையாட்டும்போது கூட ஆட்டுவது அவர்கள் பணி.

“யார் இவங்க?” என்றார் எங்களைப் பார்த்து.

“என் மாமியார் ஏற்பாடு பண்ணவங்க,” என்றார் டாக்டர். இதை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் தலை நிமிர்ந்து சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“இல்ல. போட மாட்டேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பார்க்கணும்.”

“நாங்க பார்த்தாச்சு.” தலைவர் தலையாட்ட, இரண்டு தலைகள் கூட ஆடின.

அப்போது கலவையார் ஒரு தாம்பாளத்தில் மூன்று தட்டுகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். வரும் வழியில் அண்ணி அவரிடம், ‘நீங்க வர வேண்டாம், உங்க வேலைக்கு ஆபத்து, நாங்களே சொல்லிக்கறோம்’ என்று எவ்வளவோ சொன்னார். ‘கலந்தது நான், சொல்றதும் நான்’ என்றுவிட்டார். இப்போது நின்ற இடத்திலேயே சக்கைக் கதை முழுவதையும் சொன்னார். குரல் தடுமாறியது, சொன்னது தடுமாறவில்லை.

தலைவரின் மடிப்பில் முதல் கசங்கல் விழுந்தது. “நான் உன்னைச் சக்கையைப் போடச் சொன்னேனா?”

“இல்லீங்க. ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க. எப்படின்னு கேக்கல.”

“சரி, சோதனை கெட்டுப்போச்சுன்னே வெச்சுக்குவோம். அதுக்காக இவங்க முடிவு உண்மைன்னு ஆயிடுமா?”

டாக்டர் மேஜைமேல் இருந்த நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினார். முதல் தட்டை வைத்தார்: மூலிகை. தலைவர் குனிந்து பார்த்தார். அடுத்தது: சக்கை. பார்த்தார். மூன்றாவது: கருக்கிய சர்க்கரை. குனிந்தவர் நிமிரவில்லை. வெகுநேரம் நிமிரவில்லை. எனக்கு எட்டிப் பார்க்க இடம் கிடைத்தபோது பார்த்தேன். மழமழவென்று, உருண்டை உருண்டையாக, ஒரு கிளை கிடையாது. என் தலையை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே கிடையாது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். வழக்கு முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அது அப்போதுதான் தொடங்கும்.

தலைவர் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. கோபம் இல்லை, வெட்கம் இல்லை. கண்ணில் ஒரு பளபளப்பு.

“குப்பைக்குப் போற சக்கைகூட நரம்பைச் சரி பண்ணுது!” என்றார். “இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?”

டாக்டர் கையிலிருந்த காலைத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டார். புதுத் தாளை இழுத்தார். சரசரவென்று எழுதினார். எழுதியதை டாக்டர் பக்கம் நகர்த்தினார். நான் டாக்டரின் தோளுக்கு மேலாகப் படித்தேன். நரம்பு நோய்களைக் குணப்படுத்தும் மூலிகையை இந்த நிறுவனம் கண்டுபிடித்திருக்கிறது. வழிகாட்டியவர், தலைவர். உடன் உழைத்தவர், டாக்டர். நாளை பத்திரிகைகளுக்கு.

“போடும்மா,” என்றார் குழைந்து. ‘ம்மா’ அப்போதுதான் வந்து ஒட்டிக்கொண்டது. “உனக்குத் தனிக் கூடம் தரேன். செடிக்குக் கண்ணாடி வீடு. கேட்ட ஆள், கேட்ட கருவி.”

இரண்டு தலைகளும் பலமாக ஆடின. என் தலையும் ஆடியது என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. போட்டுவிடுங்கள் டாக்டர், போய் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் என்றுதான் என் மனசு சொன்னது.

டாக்டர் தாளைப் படித்தார். ஒரு விரலால் தள்ளினார்.

“போட மாட்டேன்.”

“ஏன்?”

“யாரையும் இது குணப்படுத்தல. தட்டுல இருக்கற செல் கிளை விட்டிருக்கு. மனுஷன் உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதை நாளைக்குப் பத்திரிகையில போட்டா, நாளன்னைக்கு எத்தனை வீட்டுல மாத்திரையை நிறுத்திட்டு இலையைப் பறிக்கப் போவாங்க?”

“கொஞ்சம் கூடக்குறைய இருக்கத்தான் செய்யும்மா.”

“காலையில, நான் சொன்ன உண்மையைப் பொய்யின்னு சொல்லிக் கையெழுத்துக் கேட்டீங்க. இப்ப நீங்க சொல்ற பொய்யை உண்மைன்னு சொல்லிக் கையெழுத்துக் கேக்கறீங்க. ரெண்டுக்கும் ஒரே பேனாவைத்தான் நீட்டறீங்க சார்.”

தலைவர் பேனாவை மேஜையில் வைத்தார். குழைவு போய்விட்டது. “அப்ப காலையில சொன்னதுதான். சாயங்காலம் நீ வெளியே.”

“சரி. வெளியே போறேன். ஆனா அதுக்கு முன்னாடி, நடந்தது என்னன்னு நான் எழுதறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

நின்றபடியே எழுதினார். மூன்றே வரி. வெறுந்தட்டில் தவறுதலாக மூலிகை சேர்ந்துவிட்டது. எனவே இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை, எதையும் பொய்யாக்கவும் இல்லை. உண்மையான வெறுந்தட்டோடு மறுபடி செய்ய வேண்டும்.

“இந்த மூணாவது தட்டு இருக்கே?” என்று நான் கிசுகிசுத்தேன். “இதுவே உங்களுக்குச் சாதகமான சாட்சிதானே டாக்டர்?”

“மிச்சம் வெச்ச ஒண்ணு ரெண்டு தட்டு முடிவு ஆகாது. சந்தேகத்தைக் கிளப்ப அது போதும். நிரூபிக்கப் போதாது.”

சொந்தக் கட்சிக்காரரே தனக்கு எதிராக வாதாடுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். மாமியார் சொன்ன ‘பாதி சண்டை’ எனக்கு விளங்கியது.

தலைவர் தாளைத் தொடவில்லை. “நான் கையெழுத்துப் போடற ஆளுன்னு நினைச்சியா?” என்று கேட்டுவிட்டுப் பழக்கத்தால் தலையை ஆட்டினார்.

ஒரு தலை மட்டும்தான் கூட ஆடியது.

இன்னொருவர், அதுவரை நான் நாற்காலியின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தவர், டாக்டர் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “இதுல தப்பா ஒண்ணும் இல்லையே,” என்றார். குரல் கரகரத்தது, அந்த அறையில் அது பேசியே வருடக்கணக்காகியிருக்க வேண்டும். பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மற்றவர் தலைவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கலவையாரின் தாம்பாளத்தைப் பார்த்தார். அவரும் போட்டார்.

மூவர் குழுவில் இருவர் போட்டாகிவிட்டது. அண்ணி தலைவரின் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் கைக்கு வாகாக வைத்தார்.

தலைவர் போட்டார். கோடு போடாத தாள். கையெழுத்து சரிந்து ஓடியது.

“ஒண்ணு சொல்றேன்,” என்றார், பேனாவை மூடாமலேயே. “மறுபடி செஞ்சு கிளை விடலன்னா?”

“விடலன்னு நானே எழுதுவேன். அதுக்கும் கையெழுத்துப் போடுவேன்.”

“எண்ணறது யாரு? உன் ஆளுங்க எண்ணினா நான் ஒத்துக்க மாட்டேன்.”

“வேண்டாம். நீங்களே ஆள் போடுங்க. என்னைப் பிடிச்சவங்க யாரும் அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. நான் ஜெயிக்கறதைப் பார்க்கச் சகிக்காத ஆளா, நான் சொன்னா எதையும் ஒத்துக்காத ஆளா, ஒரு கிளையைக் கூட எனக்காகக் கூட்டி எண்ணாத ஆளாப் பார்த்து உக்கார வையுங்க. அப்படி ஒரு ஆள் எண்ணி வரதுதான் கணக்கு.”

தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அப்படி ஒரு ஆள் கிடைப்பாரா என்று உண்மையாகவே தேடினார் போலிருந்தது.

கதவு எப்போது திறந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. வாசலில் டாக்டரின் மாமியார் நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்த நாற்காலி?” என்றார்.